கம்பம் நட்டால் போதுமா? கூட்டம் கூடும் இடங்களில் வாகனத் தடுப்பு வேலை செய்யும் விதம்

2017 மே 18 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு ஹோண்டா கார் நடைபாதையில் ஏறி, மூன்று தெருக்களின் நீளத்துக்கு ஆட்களை இடித்துக்கொண்டே ஓடியது. 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார், சுமார் இருபது பேருக்குக் காயம். கார் கடைசியில் நின்ற இடத்தின் படம் அன்று உலகம் முழுக்கச் செய்திகளில் வந்தது. நடைபாதை ஓரத்தில் வரிசையாக நட்டிருந்த இரும்புக் கம்பங்களில் ஏறி மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் மேலே தூக்கியபடி, முன்பக்கம் புகைந்துகொண்டு நின்றது. கம்பம் நசுங்கிச் சாய்ந்திருந்தாலும் காரால் அதற்கு மேல் போக முடியவில்லை.

பொல்லார்ட் என்று சொல்லப்படும் தடுப்புக் கம்பம் இதுதான். மால் வாசலிலும் விமான நிலையத்துக்கு முன்னாலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல்முறையாக இதைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் எந்தக் கம்பம், எவ்வளவு தடிமன், எந்த இரும்பு என்றுதான் கேட்பார்கள். ஆனால் கடந்த பத்து வருடங்களில் நடந்த பெரிய சம்பவங்களை வரிசையாகப் படித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. நல்ல கம்பம் உடைந்ததால் மக்கள் செத்தது அரிது. கம்பம் இல்லாத இடைவெளி வழியாகத்தான் பெரும்பாலும் வண்டி உள்ளே வந்திருக்கிறது. அந்த இடைவெளி எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை, ஆனால் அதற்கு முன் அடிப்படை கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரு காலத்தில் வாகனத் தடுப்பு என்றாலே வெடிகுண்டு லாரிதான் நினைவுக்கு வரும். 1983 அக்டோபரில் பெய்ரூத்தில் அமெரிக்கப் படை முகாமுக்குள் லாரி புகுந்து வெடித்து 241 வீரர்கள் இறந்தார்கள். 1995இல் ஓக்லஹோமா நகரில் 168 பேர். கொழும்பு மத்திய வங்கியில் 1996 ஜனவரி 31 அன்று நடந்த லாரிக் குண்டுவெடிப்பில் 90 பேருக்கு மேல் இறந்ததை இதைப் படிக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட ஆபத்துக்குத் தடுப்பு எதற்கு என்றால், கட்டடத்துக்கும் வண்டிக்கும் நடுவில் தூரம் வேண்டும் என்பதற்காக. தூரம் கூடக் கூட வெடிப்பின் அழுத்தம் மிக வேகமாகக் குறையும், அதனால் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மீட்டரும் உயிர் காக்கும்.

2016 ஜூலை 14க்குப் பிறகு கவலை மாறியது. பிரான்ஸின் நீஸ் நகரில் கடற்கரைச் சாலையில் வாணவேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குள் 19 டன் லாரி ஒன்று புகுந்து 86 பேரைக் கொன்றது. அதே டிசம்பரில் பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தை, 2017இல் லண்டன் பாலம், பார்சிலோனாவின் லாஸ் ராம்ப்லாஸ் நடைவீதி. இங்கெல்லாம் வண்டியே ஆயுதமாகிவிட்டது. காக்க வேண்டியதும் இப்போது கட்டடம் அல்ல, திறந்தவெளியில் நடந்துபோகிற மக்கள், அவர்களைச் சுற்றி எத்தனை மீட்டர் தூரம் ஒதுக்க முடியும்?

தாக்குதல் மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். 2003 ஜூலை 16 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 86 வயது முதியவர் ஒருவர் ஓட்டிய கார், சாலையை மூடி நடத்திய உழவர் சந்தைக்குள் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். யாரையும் கொல்ல வேண்டும் என்று அவர் வரவில்லை. பிரேக்கை அழுத்துவதாக நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்கிறார் என்பதுதான் விசாரணையில் வந்தது. சாலையை மூடியிருந்தது வெறும் மரத் தடுப்பும் அறிவிப்புப் பலகையும். கம்பத்துக்கு ஓட்டுநரின் நோக்கம் தெரியாது, தெரியவும் வேண்டாம். தீவிரவாதியோ, குடித்துவிட்டு வந்தவரோ, மாரடைப்பில் மயங்கியவரோ, எல்லா வண்டியையும் ஒரே மாதிரி நிறுத்தும். "எங்கள் ஊரில் தீவிரவாதம் இல்லையே" என்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இந்தச் சம்பவம்தான்.

சரி, கொஞ்சம் இயற்பியல். பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம்தான்: இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. அந்த இருமடிதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1,500 கிலோ கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தால் சுமார் 145 கிலோஜூல். அதே கார் 100 கி.மீ. வேகத்தில் வந்தால் வேகம் இரண்டு மடங்குதான், ஆற்றலோ நான்கு மடங்கு. 7,200 கிலோ லாரி 80 கி.மீ. வேகத்தில் வந்தால் கிட்டத்தட்ட 1,780 கிலோஜூல், அதாவது முதலில் சொன்ன காரைப்போல் பன்னிரண்டு மடங்கு. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வண்டியின் எடையைக் குறைக்க நம்மால் முடியாது, ஆனால் அது வரும் வேகத்தைக் குறைக்க முடியும். நேராக ஓடிவர இடம் கொடுக்காமல் சாலையை வளைத்துவிட்டாலோ, இடமும் வலமுமாகத் தடைகளை மாற்றி மாற்றி வைத்தாலோ, வேகம் பாதியாகும், இடியின் ஆற்றல் கால்வாசியாகும். அப்புறம் கடைசியில் நிற்கும் கம்பம் சின்னதாக இருந்தாலும் போதும். அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர் முதலில் கம்பத்தின் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை. சாலை வரைபடத்தை விரித்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நீளம் ஓடி, எவ்வளவு வேகம் பிடிக்க முடியும் என்று கணக்குப் போடுகிறார்.

தடுப்புகளுக்குத் தரச்சான்று உண்டு, அதுவும் நிஜமாக லாரியைக் கொண்டுவந்து மோதவிட்டுத் தருவது. பிரிட்டனில் பாஸ் 68 என்ற தரநிலை இருந்தது, பிறகு 2013இல் ஐ.டபிள்யூ.ஏ. 14 வந்தது, 2023இல் அது ஐ.எஸ்.ஓ. 22343 ஆக மாறியது. அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப்2656. அதில் எம்50 என்று போட்டிருந்தால், 6,800 கிலோ லாரி மணிக்கு 50 மைல், அதாவது 80 கி.மீ. வேகத்தில் வந்து மோதிப் பார்த்தாகிவிட்டது என்று பொருள். எம்30 என்றால் 30 மைல். அதோடு பி1, பி2 என்று இன்னொரு எண்ணும் சேர்ந்து வரும். மோதிய பிறகு லாரி எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதைச் சொல்வது அது. பி1 என்றால் ஒரு மீட்டருக்குள், பி2 என்றால் ஏழு மீட்டர் வரை. இந்த இரண்டாவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. கம்பத்துக்குப் பின்னால் மூன்று மீட்டரில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், லாரி ஆறு மீட்டர் உள்ளே வந்து நின்றாலும் சான்றிதழில் "நிறுத்தியது" என்றுதான் இருக்கும், அந்த மூன்று மீட்டரில் நின்றவர்களின் கதி வேறு. இன்னொன்று, உள்ளே வந்த தூரத்தை லாரியின் மூக்கிலிருந்து அளப்பதில்லை, சரக்குப் பெட்டியின் முன்விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். வெடிகுண்டு லாரியை மனதில் வைத்து வந்த முறை அது. கூட்டத்தைக் காக்கும்போது மூக்கும் முக்கியம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கம்பத்தின் பலம் கண்ணுக்குத் தெரியும் பாகத்தில் இல்லை. மேலே தெரிவது முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் குழாய், சில சமயம் பளபளக்கும் எவர்சில்வர் உறை. சாலையை வெட்டிப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். உள்ளே தடித்த எஃகுக் குழாய், அதற்குள் கான்கிரீட், கீழே கம்பிக்கூடு கட்டி வார்த்த அஸ்திவாரம், பக்கத்துக் கம்பத்தின் அஸ்திவாரத்தோடு சேர்த்துப் பின்னியிருக்கும். வண்டி ஒரு கம்பத்தில் மோதினாலும் அதைத் தாங்குவது மொத்த வரிசை. நகரத்துக்குள் இதைச் செய்வதுதான் தலைவலி. ஒரு மீட்டர் தோண்டினால் குடிநீர்க் குழாய், மின் கேபிள், டெலிபோன் கேபிள், சாக்கடை என்று ஏதாவது ஒன்று வரும். அதனால் முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே, ஆனால் அகலமாகப் பரப்பிப் போடும் அஸ்திவாரங்களும் வந்துவிட்டன. நடைபாதையில் பைக் ஏறாமல் இருக்க நான்கு போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கும் கம்பமும் வெளித்தோற்றத்தில் இதே மாதிரிதான் இருக்கும். அதைத் தப்பு சொல்லவில்லை, அது பைக்கைத் தடுக்க வைத்தது, அந்த வேலையைச் செய்கிறது. அதை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பாதுகாப்பு செய்துவிட்டோம் என்று நினைப்பதுதான் ஆபத்து.

கான்கிரீட் கட்டைகளுக்கும் இதே கதைதான். பார்த்தால் மலை மாதிரி இருக்கும், ஆனால் தரையோடு பிணைக்காத கட்டையைப் பிடித்து வைத்திருப்பது வெறும் உராய்வு மட்டும்தான். 2017இல் ஜெர்மனியின் எம்.டி.ஆர். தொலைக்காட்சிக்காக டெக்ரா என்ற வாகனச் சோதனை நிறுவனம் சோதித்துப் பார்த்தது. சந்தைகளைச் சுற்றி வைத்திருந்த வகைக் கட்டைகளில் 10 டன் லாரியை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதவிட்டார்கள். லாரி நிற்கவில்லை, கட்டையே பறந்துபோய் இன்னொரு ஆபத்தானது. நெடுஞ்சாலை நடுவில் நாம் பார்க்கும் சரிவான கான்கிரீட் தடுப்பு 1950களில் நியூஜெர்சியில் உருவானது. அது பக்கவாட்டில் உரசும் வண்டியைத் திருப்பிச் சாலைக்கே அனுப்புவதற்கான வடிவம். நேருக்கு நேர் வரும் வண்டியை நிறுத்துவது அதன் வேலையே இல்லை. ஆனாலும் ஒரு சம்பவம் நடந்த பிறகு எந்த ஊரிலும் முதலில் வந்து இறங்குவது இந்தக் கட்டைகள்தான். மெல்பர்னின் பர்க் தெருவில் 2017 ஜனவரியில் 6 பேர் இறந்தார்கள், அந்த வருடமே நகரின் பல இடங்களில் இப்படி வைத்தார்கள், மக்கள் அந்தச் சாம்பல் கட்டைகளுக்குப் பூத்துணி போர்த்தி அலங்கரித்தார்கள். தற்காலிகமாக, எதுவும் இல்லாததற்கு இது மேல் என்ற அளவில் சரி. மூன்று வருடம் கழித்தும் அங்கேயே கிடந்தால் யாரோ யோசிக்க மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கம்பங்களுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடலாம்? வழக்கமான கணக்கு 1.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது. அதற்கு மேல் விட்டால் சின்ன கார் நுழைந்துவிடும். ரொம்பவும் நெருக்கினால் சக்கர நாற்காலி போகாது, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் அம்மா போக முடியாது. நம் ஊர் நடைபாதைகளில் இந்தத் தவறு நிறையவே நடக்கிறது. பைக்கைத் தடுக்கிறேன் என்று கம்பங்களை அவ்வளவு நெருக்கமாக நட்டு, மாற்றுத்திறனாளிகளைச் சாலையில் இறங்க வைத்துவிடுகிறோம். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பகுதி மக்களை வெளியே நிறுத்துவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம், அதுவும் 1.2 மீட்டருக்குள்ளேயே நாற்காலிக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்போது.

இப்போது இடைவெளி விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் தெருவையும் நிரந்தரமாக மூடிவிட முடியாது. காலையில் கடைகளுக்குச் சரக்கு வரும், குப்பை வண்டி வரும், தீயணைப்பு வண்டி எப்போது வேண்டுமானாலும் வரும். அதற்காகக் கீழே இறங்கி ஏறும் கம்பம், கழற்றி மாட்டும் கம்பம், சாலையிலிருந்து எழும்பும் இரும்புத் தகடு, தண்டவாளத்தில் நகரும் தடுப்பு என்று பல வகை இருக்கின்றன. இவற்றில் ஹைட்ராலிக் எண்ணெய், மோட்டார், சென்சார், வடிகால் என்று ஏகப்பட்ட பாகங்கள். மழைத்தண்ணீர் குழிக்குள் தேங்கினாலே பாதி பிரச்சினை ஆரம்பித்துவிடும்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்ததைப் பாருங்கள். போர்பன் தெரு என்பது இரவு முழுக்க மக்கள் நடந்துகொண்டே இருக்கும் தெரு. நீஸ் சம்பவத்துக்குப் பிறகு 2017 வாக்கில் அங்கே நகரும் கம்பங்கள் வைத்தார்கள். மார்டி கிரா திருவிழாவில் மக்கள் வீசும் பாசிமணி மாலைகள் தண்டவாளத்துக்குள் விழுந்து சிக்கி, கம்பம் நகர மறுத்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. 2019இல் ஒரு தனியார் பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம், கம்பங்கள் வேலை செய்யவில்லை, வாகனத் தாக்குதல் ஆபத்து இருக்கிறது என்று எழுதியே கொடுத்தது. கடைசியில் 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வருகிறது என்று 2024 நவம்பரில் பழைய கம்பங்களை எடுத்துவிட்டுப் புதியவை போட ஆரம்பித்தார்கள். வேலை முடியவில்லை. 2025 ஜனவரி 1, விடியற்காலை மூன்றே கால் மணி வாக்கில், தெரு முனையில் குறுக்கே நின்ற போலீஸ் காரைச் சுற்றி நடைபாதை வழியாக ஒரு பிக்அப் லாரி உள்ளே வந்தது. 14 பேர் இறந்தார்கள். புதிதாகப் போடத் தேர்ந்தெடுத்திருந்த கம்பங்கள் மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மட்டுமே தாங்கக்கூடியவை என்று பிறகு ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாசிமணியில் தொடங்கிய கதை இது. பாகத்தைச் சுத்தம் செய்ய ஆள், பழுது பார்க்கப் பணம், மாற்றும் காலத்தில் நடைபாதைக்கும் சேர்த்து மாற்று ஏற்பாடு, இந்த மூன்றில் ஒன்று இருந்திருந்தாலும் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 2024 டிசம்பர் 20 அன்று, ஜெர்மனியின் மாக்டபர்க் கிறிஸ்துமஸ் சந்தை. அங்கே கான்கிரீட் கட்டைகள் இருந்தன, பாதுகாப்புத் திட்டமும் இருந்தது. மீட்பு வண்டிகள் வந்துபோக என்று விட்டிருந்த வழியாகக் கார் உள்ளே வந்தது. 9 வயதுச் சிறுவனும் ஐந்து பெண்களும் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் சுமார் முந்நூறு பேர். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது சரியான விஷயம்தான், அதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆம்புலன்ஸ் போகும் அகலத்தில் காரும் போகும் என்பதால், அந்த வழியைத் திறந்தே வைக்காமல் திறக்கக்கூடியதாக வைக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஒரு கனமான வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பக்கத்திலேயே ஆளை வைத்து, தேவைப்படும்போது நகர்த்த வேண்டும். 2025 மே 26 அன்று லிவர்பூலில் கால்பந்து வெற்றி ஊர்வலத்தின்போது, மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவரைப் பார்க்க ஆம்புலன்ஸ் போகட்டும் என்று சாலைத் தடையைச் சற்று நேரம் எடுத்தார்கள். அதன் பின்னாலேயே போன கார் கூட்டத்துக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

இந்த மூன்றிலும் எந்தக் கம்பமும் மோதலில் உடைந்து தோற்கவில்லை. மாற்றிக்கொண்டிருந்த நேரம், விட்டுவைத்த வழி, சற்று நேரம் திறந்த தடை, இவைதான் உள்ளே விட்டன. அதனால் யாராவது ஒரு திட்டத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது கம்பத்தின் தரத்தை அல்ல. இதைத் திறப்பது யார், திறந்தால் எத்தனை நொடியில் மூடும், கரண்ட் போனால் என்ன நடக்கும், இது பழுதான நாளில் அதற்குப் பதிலாக என்ன நிற்கும் என்று கேட்பேன்.

பாதுகாப்பு என்றால் ஊரே ராணுவ முகாம் மாதிரி இருக்க வேண்டும் என்றும் இல்லை. லண்டனில் ஆர்சனல் அணியின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு முன்னால் அணியின் பெயரைப் பிரம்மாண்டமான எழுத்துகளாக வார்த்து வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் அதன் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் வாகனத் தடுப்பும். வாஷிங்டன் நினைவுத் தூணைச் சுற்றி முதலில் அசிங்கமான கான்கிரீட் தடுப்புகள் இருந்தன. 2005இல் அவற்றை எடுத்துவிட்டு, புல்வெளியில் வளைந்து போகும் தாழ்ந்த கல் சுவர்களைக் கட்டினார்கள். மக்கள் அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், லாரியால் தாண்ட முடியாது. படிக்கட்டு, குளம், அகலமான கல் பெஞ்ச், கனமான பூத்தொட்டி எல்லாம் ஒழுங்காகக் கணக்குப் போட்டு அஸ்திவாரத்தோடு கட்டினால் தடுப்பாக வேலை செய்யும்.

எல்லையை எங்கே போடுவது என்பதும் யோசிக்க வேண்டியது. உள்ளே போகும் ஒவ்வொருவரையும் சோதித்தால் வாசலுக்கு வெளியே வரிசை சேரும், அந்த வரிசையும் கூட்டம்தான், அதற்கும் முன்னால் தடுப்பு வேண்டும். 2017 மே 22 அன்று மான்செஸ்டரில் 22 பேரைக் கொன்ற குண்டு அரங்குக்குள் வெடிக்கவில்லை, நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்த முகப்பு அறையில் வெடித்தது. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. தடுப்புகளை வைத்து வைத்து வெளியேறும் வழிகளைக் குறுக்கிவிட்டால், உள்ளே ஏதாவது நடந்து மக்கள் ஓடும்போது அந்தத் தடுப்பே ஆளை நசுக்கும். வண்டிக்கு மூடியதாகவும் மனிதருக்குத் திறந்ததாகவும் இருக்க வேண்டும், இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவருவதுதான் இந்தத் துறையில் கஷ்டமான வேலை.

சின்ன ஊர்களில் திருவிழா நடத்துபவர்கள் எம்50 கம்பத்துக்குப் பணத்துக்கு எங்கே போவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜெர்மனியிலேயே 2025இல் பாதுகாப்புச் செலவு கட்டுப்படியாகாமல் சில சிறு ஊர்கள் சந்தையைக் கைவிட்டன. பணம் இல்லாத இடத்தில் இருப்பதை வைத்துச் செய்யலாம். நியூயார்க் போலீஸாரே நன்றித் திருநாள் ஊர்வலத்தின்போது குறுக்குத் தெருக்களில் மணல் நிரப்பிய குப்பை லாரிகளைத்தான் நிறுத்துகிறார்கள். சாலையைக் கூட்டத்தின் விளிம்பில் மூடாமல் இரண்டு தெரு முன்னாலேயே மூடுங்கள், வேகம் பிடிக்க இடம் கொடுக்காதீர்கள். தண்ணீர் லாரியையோ பஸ்ஸையோ சாலையில் மட்டும் நிறுத்திவிட்டு நடைபாதையைத் திறந்து விடாதீர்கள். அப்புறம் அந்த லாரியின் டிரைவர் சாவியோடு வண்டியிலேயே இருக்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போய்விட்டால் ஆம்புலன்ஸ் வரும்போது நகர்த்த ஆள் இருக்காது, நகர்த்தியதைத் திரும்பக் குறுக்கே போடவும் ஆள் இருக்காது.